படிப்பதற்கா? கும்பிடுவதற்கா?

தென் ஜில்லா ஒன்றில், ஒரு சிற்றூரில் நம் தோழர்கள் நடத்தி வரும் படிப்பகத்தின் காரியதரிசியிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கின்றது. அந்தப் படிப்பகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே குறித்த இரண்டு புத்தகங்களைப் படித்து வந்து, ஒவ்வொருவரும் தம் தம் அபிப்பிராயத்தை எழுந்து சொல்லுவது என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு முதல் நாள் இரவே ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவதும் உண்டாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். உற்சவத்துக்கும் சினிமாவுக்கும் கூடுகின்ற ஜனங்கள் புத்தகத்துக்காகவும் கூடுகின்றார்கள் என்றால் அதைக் கேட்டு மகிழாதவர் யார்? ஆனால் சென்ற மாதக் கூட்டத்தில் நடந்ததாக அக்கடிதத்தில் கண்டிருப்பதைப் படித்தபோது நமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, வெட்கந்தான் உண்டாயிற்று. அந்த வெட்கத்தில் பெரும்பங்கு நம்மைச் சேர்ந்தவர்களால் வந்தது என்பதால், அதை மூடி மறைக்காமல் வெளிப்படையாகவே எழுத முன்வந்தோம்.

அன்றைக்குக் குறித்திருந்த புத்தகங்கள் இரண்டு. ஒன்று, பாமா அவர்கள் எழுதி 1992-இல் வெளிவந்த ‘கருக்கு’. மற்றொன்று, தோழர் பகத்சிங் 1930-இல் லாகூர் சிறையிலிருந்து எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்?’ என்னும் சிறு புத்தகம். தான் எந்த ஜாதியில், எந்த மதத்தில் வைத்து வளர்க்கப்பட்டோம் என்பதையும், வளர வளர அந்த மதத்தைப் பற்றித் தன் புத்திக்கு என்னென்ன பட்டது என்பதையும் தாமே சொன்னவர்கள் இவ்விருவரும். இரண்டையும் ஒரே நாளில் படிக்க வைத்த காரியதரிசியின் யோசனையை நாம் பாராட்டுகின்றோம்.

நிற்க, கூட்டத்தில் நடந்ததாவது:

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கிறிஸ்தவப் பெண், எழுந்து பேசியிருக்கின்றார். “‘கருக்கு’ படித்த பிறகு சாமியார்கள் பேரிலும் சிஸ்டர்கள் பேரிலும் எனக்கு இருந்த பயம் போய்விட்டது. ஆனால் ஏசுவின் பேரில் இருந்த அன்பு போகவில்லை. முன்னைவிடக் கூடத்தான் ஆயிற்று. பகத்சிங் சொல்லுவதும் எனக்குச் சரியாகத்தான் படுகின்றது. இரண்டில் எது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, ஐயா” என்பது அவர் பேச்சு. இவ்வளவுதான். உடனே நம் தோழர் ஒருவர் எழுந்து, “ஏம்மா, இது பகுத்தறிவுப் படிப்பகமா, மாதா கோயிலா? ஏசு பேரில் அன்பு என்றால் அங்கே போய்ப் பேசிக்கொள்” என்று சொல்ல, கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்திருக்கின்றார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு படிப்பகத்துக்கு வருவதில்லை. “பெண் பிள்ளையைப் பத்துப் பேர் நடுவில் சிரிக்க வைத்தீர்களே” என்று அவருடைய தகப்பனார் காரியதரிசியைக் கேட்டாராம். கேட்டது நியாயந்தானே!

இது போதாது என்று மூன்று கோரிக்கைகள் இப்போது படிப்பகத்தின் முன் வந்திருக்கின்றன. ‘கருக்கு’ எங்கள் சபையை இழிவுபடுத்துகின்றது, அதை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கிறிஸ்தவப் பெரியவர் கேட்கின்றார். பகத்சிங்கின் புத்தகம் பிள்ளைகளைக் கெடுக்கின்றது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று உள்ளூர்க் கோயில் தர்மகர்த்தா கேட்கின்றார். இனிமேல் கொள்கைக்கு ஒத்த அபிப்பிராயங்களை மட்டுமே கூட்டத்தில் சொல்ல விட வேண்டும் என்று நம் தோழர்கள் சிலர் கேட்கின்றார்கள். இம்மூன்றையும் பற்றி நம் அபிப்பிராயத்தைக் காரியதரிசி கேட்டிருக்கின்றார்.

நம் அபிப்பிராயம் இதுதான். இம்மூவரும் வெவ்வேறு மதத்தினராகவும், நம்மவர் மதமே அற்றவராகவும் வெளிக்குத் தோன்றினாலும், உண்மையில் மூவரும் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள். புத்தகம் என்பது கும்பிடுவதற்கு உரியது, இல்லாவிட்டால் கொளுத்துவதற்கு உரியது. படித்து, யோசித்து, “இது சரி, இது தப்பு, இது எனக்கு விளங்கவில்லை” என்று சொல்லுவதற்கு உரியதல்ல என்பதே அந்த மதம். அந்த மதத்தை ஒழிக்கத்தான் படிப்பகம் வைத்தோம். அதே மதம் படிப்பகத்துக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் நாம் சும்மா இருக்க முடியுமா?

பெரியவருக்கு

முதலில் கிறிஸ்தவப் பெரியவரைக் கேட்கின்றோம். ‘கருக்கு’ உங்கள் சபையை இழிவுபடுத்துகின்றது என்கின்றீர்களே, அந்த அம்மையார் எழுதியதில் எது பொய்? ஏழை எளிய பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று நம்பி, பார்த்துக்கொண்டிருந்த உபாத்தியாயினி வேலையை விட்டுக் கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்தவர் அவர். உள்ளே போய்ப் பார்த்தபோது, பணக்காரப் பிள்ளைகளுக்குப் பணிவிடையும், தம் ஜாதியைப் பற்றிய ஏளனமும் இருக்கக் கண்டு, வெளியே வந்தார். வந்ததும் தம் ஊர்ப் பேச்சிலேயே, பண்டிதர் தயவை எதிர்பார்க்காமல், தம் கதையை எழுதினார். பனை மட்டையின் இரண்டு பக்கமும் இருக்கின்ற கருக்குத்தான் புத்தகத்தின் பெயர். அது கையை அறுக்கத்தான் செய்யும். அறுக்கின்றதே என்று மட்டையைக் குற்றம் சொல்லுவதா? இத்தனை காலம் அதை எங்கள் முதுகில் மட்டும் வைத்து இழுத்தவர்களைக் குற்றம் சொல்லுவதா?

கிறிஸ்து மதத்தில் ஜாதி இல்லை என்று நீங்கள் சொல்லுவீர்கள். வேதப் புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம். கோயிலில் இருந்ததா இல்லையா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த மாதா கோயிலை, ஒரு ஜாதியார் ஒரு பக்கமும் மற்ற ஜாதியார் மறுபக்கமுமாக நின்று ஜெபம் செய்யும்படி, இரண்டு காலாகப் பிரித்துக் கட்டி நடுவில் சுவரும் வைத்தார்களா இல்லையா? அந்தச் சுவரை இடிக்க 1910 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்றா இல்லையா? சுவர் கட்டியபோது சபைக்கு வராத இழிவு, சுவரைப் பற்றி ஒரு பெண் எழுதும்போது மட்டும் வந்துவிடுமா? வீட்டில் நாற்றம் எடுக்கின்றது என்று சொன்னவரை வெளியே தள்ளிவிட்டால் நாற்றம் போய்விடுமா?

இன்னும் ஒன்று சொல்லுகின்றோம். ‘கருக்கு’ வெளிவந்தபோது அந்த அம்மையாரின் சொந்த ஊராரே, ஊரைக் கேவலமாக எழுதிவிட்டாள் என்று கோபித்து, ஏழு மாத காலம் ஊருக்குள் வரவிடாமல் வைத்திருந்தார்கள். இழிவு யாரால் வந்ததோ அவர்கள் பேரில் வர வேண்டிய கோபம், இழிவை வெளியே சொன்னவர் பேரில் வந்தது. பிறகு அதே புத்தகம் நாடெங்கும் படிக்கப்பட்டு, 2000-இல் இங்கிலீஷிலும் வெளியாகி, பரிசும் பெற்றது. கோபித்த ஊருக்கு இதனால் குறைந்தது என்ன? ஒன்றும் இல்லை. இழிவைச் சொல்லிவிட்டால் மானம் போய்விடாது. இழிவைப் பொறுத்துக்கொண்டிருப்பதில்தான் மானம் போகின்றது.

தர்மகர்த்தாவுக்கு

அடுத்தபடியாகத் தர்மகர்த்தா அவர்கள். பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது ஆகின்ற வரையில் மதத்தைப் பற்றிய ஆராய்ச்சி கூடாது என்கின்றார். வெகு நல்ல யோசனை! அப்படியே ஆகட்டும். ஆனால் ஆராய்ச்சிக்கு மட்டும் ஏன் வயது வைக்க வேண்டும், மதத்துக்கே வைத்துவிடலாமே! பதினெட்டு வயது ஆகின்ற வரையில் பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்தக்கூடாது, நெற்றியில் ஒன்றும் பூசக்கூடாது, பூணூல் போடக்கூடாது, ஞானஸ்நானம் செய்விக்கக்கூடாது, “இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்காதே” என்று சொல்லிக் கொடுக்கக்கூடாது என்று தர்மகர்த்தா ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். அதை ஆதரித்துப் பேச முதல் ஆளாக நாம் வருகின்றோம். நம்புவதற்கு வயது வேண்டியதில்லை, கேள்வி கேட்பதற்கு மட்டும் வயது வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

‘கருக்கில்’ ஒரு சம்பவம் வருகின்றது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகின்றாள். தன் தெருவில் உள்ள பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பண்ணையாருக்குக் குனிந்து கொடுப்பதைப் பார்க்கின்றாள். அவளுக்குச் சிரிப்பு வருகின்றது. வீட்டில் போய்த் தன் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கின்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம் கை பட்டால் அவர்களுக்குத் தீட்டு, அதனால்தான் அப்படி என்று விளக்குகின்றார். அதற்குப் பிறகு அந்தச் சிறுமிக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஜாதி தெரியலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஜாதியைப் பற்றிய புத்தகம் தெரியக்கூடாதாம்! அடி விழுவதற்கு ஏழெட்டு வயது போதும், “ஏன் அடித்தாய்?” என்று கேட்பதற்குப் பதினெட்டு வயது ஆக வேண்டுமாம்!

தர்மகர்த்தாவுக்குப் பயமெல்லாம் பகத்சிங் பேரில்தானே? அந்தப் பகத்சிங் எந்த வயதில் கெட்டுப்போனார் என்பதையாவது அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா? ஆரிய சமாஜத்தில் ஊறிய பாட்டனார் வளர்ப்பில் வளர்ந்தவர் அவர். லாகூரில் ஆரிய சமாஜப் பள்ளிக்கூடத்து விடுதியில் ஓர் ஆண்டு இருந்தபோது, காலை மாலை ஜெபம் போதாது என்று மணிக்கணக்காகக் காயத்திரி சொல்லிக்கொண்டிருந்ததாக அவரே எழுதுகின்றார். அதன்பிறகு தேசியக் கல்லூரியில் சேர்ந்து, மதங்களைப் பற்றியும் கடவுளைப் பற்றியும்கூடத் தாராளமாகப் பேசவும் தர்க்கிக்கவும் தொடங்கினார். அப்போது அவர் மீசை முளைக்கும் பருவத்துப் பையன். தர்மகர்த்தாவின் பதினெட்டு இன்னும் ஆகவில்லை. அன்றைக்கு அந்தக் கல்லூரிப் புத்தகசாலைக்கு இப்படி ஒரு தர்மகர்த்தா வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புத்தகசாலை இருந்திருக்கும், பூட்டும் இருந்திருக்கும், பகத்சிங் மட்டும் இருந்திருக்கமாட்டார்.

நம்மவர்களுக்கு

இனி நம் தோழர்களிடம் வருவோம். மற்ற இருவரையும் விட இவர்களிடம் நமக்குக் கணக்கு அதிகம். அவர்கள் செய்வது அவர்கள் கொள்கைக்குப் பொருந்தும். இவர்கள் செய்தது எந்தக் கொள்கைக்குப் பொருந்தும்?

‘கருக்கைப்’ படித்து ஏசுவின் பேரில் அன்பு அதிகமாயிற்று என்று அந்தப் பெண் சொன்னதும் நம் தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரை ஒன்று கேட்கின்றோம்: ‘கருக்கை’ நீங்கள் கடைசிவரை படித்தீர்களா? கன்னியாஸ்திரீ மடத்தை விட்டு வெளியே வந்தார் என்ற இடத்தோடு மூடி வைத்துவிட்டீர்களா? கடவுள் பொறுமையுள்ளவர், அடக்கமுள்ளவர், மன்னிப்பவர் என்று சாமியார்களும் சிஸ்டர்களும் ஓயாமல் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அநியாயத்தைக் கண்டு கோபிப்பவர், ஏழைகளோடு சேர்ந்து நின்றவர் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைத் தாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்ற கருத்தை அந்த அம்மையார் அதில் எழுதியிருக்கின்றாரே, அந்தப் பக்கம் உங்கள் பிரதியில் இல்லையா? அந்தப் பெண் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கின்றார். நீங்கள் படிக்கவில்லை. படித்தவரைப் பார்த்துப் படிக்காதவர் சிரித்தார் என்றால், இதற்குப் பெயர் பகுத்தறிவா?

அந்தக் கருத்தை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோமா என்பது வேறு விஷயம். நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழைக்குக் கோபம் வருவதற்கு எந்தக் கடவுளின் கோபமும் அவசியமில்லை என்பதும், அநியாயத்தைக் கண்டு கோபிக்கின்ற கடவுள் இத்தனை நூற்றாண்டாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் நம் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டிருக்கலாமே! அவரும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். நமக்கும் தெரியாதது ஒன்று தெரிந்திருக்கும். கேள்வியைக் கேட்கத் துப்பில்லாமல் “மாதா கோயிலுக்குப் போ” என்பதும், “கோயிலுக்குள் வராதே” என்பதும் ஒன்றுதானே? ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகச் சொல்லி அந்தப் பெண்ணின் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து விரட்டிக்கொண்டே இருக்கின்றார்கள். அந்த வேலையை நாமும் செய்ய வேண்டுமா?

பகத்சிங் புத்தகத்தையாவது நம் தோழர்கள் முழுதும் படித்தார்களா என்றால், அதுவும் சந்தேகமாய் இருக்கின்றது. அந்தப் புத்தகம் நம் வீட்டுப் பிள்ளை. 1931 மார்ச் 23-ந் தேதி அவரைத் தூக்கிலிட்டவுடன், அந்த மாதம் 29-ந் தேதியிலேயே அவரைப் பற்றிக் ‘குடிஅரசு’ தலையங்கம் எழுதிற்று. அவர் எழுதி வைத்தது அந்த ஆண்டு செப்டம்பரில் லாகூர்ப் பத்திரிகை ஒன்றில் இங்கிலீஷில் வெளியாக, பிறகு தோழர் ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார். அதற்காக மொழிபெயர்த்தவர் பேரிலும் வெளியிட்டவர் பேரிலும் வெள்ளைக்காரச் சர்க்கார் வழக்குத் தொடுத்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு நம் ஜனங்கள் கைக்கு வந்த புத்தகத்தை, மாலை போட்டு மாடத்தில் வைப்பதற்கா கொண்டு வந்தார்கள்?

கடவுள் இல்லை என்று அவர் முடிவு கட்டிய பக்கத்தை நம்மவர்கள் மனப்பாடமாகச் சொல்லுகின்றார்கள். அந்த முடிவுக்கு வர அவருக்கு எத்தனை நாள் பிடித்தது என்ற பக்கத்தை ஒருவரும் சொல்லுவதில்லை. காயத்திரி சொன்ன பையன் மறுநாள் காலையில் எழுந்து நாத்திகனாகிவிடவில்லை. சீக்கிய மதத்தின் கதைகளிலும் கொள்கைகளிலும் தமக்கு நம்பிக்கை இல்லாதபோதே, தலைமுடியைக் கத்தரிக்காமல் வளர்த்திருந்ததாக அவர் எழுதுகின்றார். புரட்சிக் கட்சியில் சேர்ந்த பிறகும் அவருக்குத் தலைவராய் இருந்தவர்களில் ஒருவர் தீவிர பக்தர். படித்து, தர்க்கித்து, திரும்பவும் படித்து, 1926-ஆம் ஆண்டு முடிவில்தான் அவருக்கு உறுதி ஏற்பட்டது. முடி இருந்து நம்பிக்கை இல்லாத அந்த நடுக்காலத்தில், நம் தோழர் ஒருவர் அவரிடம் போய், “ஏனப்பா, நீ சீக்கியனா, நாத்திகனா? முதலில் முடியை வெட்டிக்கொண்டு வா, பிறகு பேசலாம்” என்று விரட்டியிருந்தால், அவர் எங்கே போயிருப்பார்?

“இரண்டில் எது என்று இன்னும் தெரியவில்லை” என்று அந்தப் பெண் சொன்னதற்குத்தானே சிரித்தீர்கள்? வளருவது என்றால் அதுதான் ஐயா! தெரியாததைத் தெரியவில்லை என்று பத்துப் பேர் நடுவில் சொல்லுவதை விடப் பெரிய பகுத்தறிவு என்ன இருக்கின்றது? பிறந்தபோது தலையில் கட்டிய மதத்தை அப்படியே சுமந்து செத்துப் போகின்றவனுக்கும் சந்தேகம் வராது. மேடையில் கேட்டதை அப்படியே ஒப்பிக்கின்றவனுக்கும் சந்தேகம் வராது. இருவருக்கும் நடுவில் நின்று யோசிக்கின்றவருக்குத்தான் வரும்.

மேலும், தூக்கு மேடையின் நிழலில் இருந்துகொண்டு பகத்சிங் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகின்றார். கடவுள் நம்பிக்கை கஷ்டத்தை இலேசாக்குகின்றது, சில சமயம் இன்பமாகக்கூட ஆக்குகின்றது. அது இல்லாதவன் தன் காலிலேயே நிற்க வேண்டும், அது சுலபமல்ல என்பது அவர் சொல்லுவதன் சாரம். 1927-இல் அவரைப் பிடித்து வைத்திருந்தபோது, போலீஸ் அதிகாரிகள் அவரைப் பிரார்த்தனை செய்யும்படி தூண்டினார்கள். சுகமான காலத்தில் மட்டும் நாத்திகனா, கஷ்டம் வந்தபோதும் நாத்திகனா என்று அவர் தம்மையே சோதித்துப் பார்த்து, பிரார்த்தனை செய்வதில்லை என்று தீர்மானித்தார். எதிராளிக்கு இருக்கின்ற பலத்தை அளந்து சொல்லிவிட்டு, பிறகு அதை மறுத்தவர் அவர். நம்மவர்களோ, ஒரு பெண் பிள்ளைக்கு அந்த நம்பிக்கை என்ன ஆறுதலைக் கொடுக்கின்றது என்று ஒரு வார்த்தை கேட்காமலே சிரித்து விரட்டிவிட்டு, பகத்சிங் படத்தின் கீழே உட்கார்ந்திருக்கின்றார்கள். அவர் புத்தகம் யார் கையில் கெட்டுப்போகின்றது? தர்மகர்த்தா கையிலா, நம் கையிலா?

கொள்கைக்கு ஒத்த அபிப்பிராயத்தை மட்டும் சொல்ல விடுவது என்றால் அதற்குக் கூட்டம் எதற்கு? ஒருவர் சொல்ல மற்றவர்கள் “ஆமாம், ஆமாம்” என்பதற்குப் பஜனை மடம் இருக்கின்றது. அங்கே சுண்டலாவது கொடுப்பார்கள். நான் சொல்லுவதை அப்படியே நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பெரியார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் பேச்சுக்கே இல்லாத விலக்கு நம் தோழர்கள் பேச்சுக்கு எங்கிருந்து வந்தது?

ஓர் ஆட்சேபம்

“நீங்களும் புத்தகத்தைக் கொளுத்தச் சொன்னவர்கள்தானே? இப்போது மற்றவர்கள் எடுக்கச் சொன்னால் மட்டும் ஏன் கோபம்?” என்று பெரியவரும் தர்மகர்த்தாவும் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லுகின்றோம்.

1927 டிசம்பர் 25-ந் தேதி மகாத்தில் டாக்டர் அம்பேத்கர் மனுதர்மத்தைக் கொளுத்தினார். அதைப் படிக்காமல் கொளுத்தினாரா? அதைக் கரைத்துக் குடித்தவர் அவர். எந்தக் கடையிலிருந்தாவது அதை எடுக்கச் சொன்னாரா? வேறு யாரும் படிக்கக்கூடாது என்றாரா? 1943-இல் நம் இயக்கத்தார் கம்ப ராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டும் என்றபோது, தோழர் அண்ணாதுரை சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களோடும், சேலத்தில் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் ஒரே மேடையில் ஏறி, எல்லாரும் கேட்க வாதம் செய்தார். படித்து, காரணம் காட்டி, எதிராளிக்கும் மேடை கொடுத்து, தான் வெறுப்பதை வெறுக்கின்றேன் என்று காட்டுவது வேறு. மற்றவன் கையில் இருக்கின்ற புத்தகத்தைப் பிடுங்குவது வேறு. பெருமாள்முருகன் அவர்களின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. நான்கு வருஷம் சும்மா இருந்துவிட்டு, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே எழுதும்படி 2015 ஜனவரியில் அவரை நெருக்கினார்கள். 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே அந்த எழுத்தாளருக்கு உயிர் வந்தது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போகலாம் என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். பிடிக்காதவன் மூடி வைப்பதற்கும், படிக்க விரும்புகின்றவன் கண்ணை மூடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியவருக்கும் தர்மகர்த்தாவுக்கும் தெரியாததல்ல.

செய்ய வேண்டியது

காரியதரிசிக்கு நம் அபிப்பிராயத்தை முடிவாகச் சொல்லுகின்றோம்.

ஒரு புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பெரியவருக்கு ‘கருக்கின்’ பேரில் ஆட்சேபம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வந்து, எந்தப் பக்கத்தில் எது பொய் என்று சொல்லட்டும். அவருக்கு நாற்காலி போடுங்கள். தர்மகர்த்தாவும் வரட்டும், அவருக்கும் நாற்காலி போடுங்கள். யார் பேசினாலும் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேச வேண்டும், இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகின்றேன் என்று காட்ட வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிக்கக்கூடாது என்ற மூன்று விதிகள் போதும். இந்த விதிகள் முதலில் நம் தோழர்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு.

சிரித்தவர்கள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், அவருடைய தகப்பனாரிடமும் அவரிடமும் நாங்கள் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சுயமரியாதை என்பது தன் மரியாதையை மட்டும் காப்பாற்றிக்கொள்வதல்ல. ‘கருக்கில்’ இன்னொரு சம்பவம் உண்டு. அந்த அண்ணன் புத்தகசாலையிலிருந்து புத்தகம் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரை வழியாக வருகின்றார். பண்ணை ஆள் ஒருவன் முதலில் பெயரைக் கேட்கின்றான். அதில் ஜாதி தெரியாமல் போகவே எந்தத் தெரு என்று கேட்கின்றான். கையில் இருக்கின்ற புத்தகம் என்ன என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் நம் படிப்பகத்தில் எழுந்து நின்று தான் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசினார். நம்மவர்கள் அவருடைய மதம் எது என்று கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று நம் தோழர்கள் ஓர் இரவு படுத்து யோசிக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதே இரண்டு புத்தகங்களையும் திரும்பவும் வைத்து, அந்தப் பெண் வர இசைந்தால் அவரையே முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் பேசுவதை எழுதி நமக்கு அனுப்புங்கள். நம் கொள்கைக்கு விரோதமாய் இருந்தாலும் இப்பத்திரிகையில் ஒரு வார்த்தையும் குறைக்காமல் வெளியிடுகின்றோம். அதற்கு அடுத்த வாரம் நம் பதிலையும் வெளியிடுகின்றோம். எது சரி என்பதை வாசகர்கள் தங்கள் அறிவைக் கொண்டு தீர்மானித்துக்கொள்ளட்டும்.